பழைய எண்ணெய் மேடையைக் கடலிலேயே விடலாமா, எடுத்துவிட வேண்டுமா?

2024 ஜூலையில் வட கடலில் இருந்த பிரென்ட் சார்லி மேடையின் மேற்தளத்தை 'பயனியரிங் ஸ்பிரிட்' என்ற கப்பல் ஒரே தூக்கில் எடுத்துக்கொண்டு போனது. எடை சுமார் 31,000 டன். கடலில் அதற்கு முன் யாரும் அவ்வளவு எடையை ஒரே தூக்கில் எடுத்ததில்லை. அந்தப் படங்களைப் பார்த்த பலர், குறிப்பாகக் கடல்சார் பொறியியல் படிக்கும் பிள்ளைகள், கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மேலே இருந்ததை எடுத்தாயிற்று, தண்ணீருக்குள் நிற்கும் கான்கிரீட் கால்களை என்ன செய்யப் போகிறார்கள்? விட்டுவிடலாம் என்று ஷெல் நிறுவனம் பரிந்துரைத்தது சரியா?

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக் கூடிய கேள்வி இல்லை இது. வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியாத செலவு இருக்கிறது. ஒரு கடலில் சரியாக இருக்கும் வழி இன்னொரு கடலில் தவறாகிவிடும். அதனால் பிரென்ட் எண்ணெய் வயலை நடுவில் வைத்து, தேவைப்படும்போது மற்ற வயல்களையும் எடுத்துக்கொண்டு, வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கலாம்.

## பிரென்ட் எப்படிக் கட்டப்பட்டது

தினமும் செய்தியில் 'பிரென்ட் கச்சா எண்ணெய் விலை' என்று கேட்கிறோமே, அந்தப் பெயர் வந்தது இந்த வயலிலிருந்துதான். ஷெட்லாண்ட் தீவுகளுக்கு வடகிழக்கே 186 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 140 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 1971-இல் கண்டுபிடித்தார்கள், 1976-இல் எண்ணெய் வந்தது. 1982-இல் உச்சத்தைத் தொட்டபோது நாளொன்றுக்கு ஐந்து லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தார்கள். 1990-களில் எண்ணெய் குறைந்ததும், பாறைக்குள் இருந்த அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கி, எண்ணெயில் கரைந்திருந்த எரிவாயுவைப் பிரித்தெடுத்து வயலின் ஆயுளை நீட்டினார்கள். மொத்தத்தில் சுமார் 300 கோடி பீப்பாய்க்கு ஈடான எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தன. 2021 மார்ச்சில் கடைசி மேடையான சார்லியும் நின்றது.

நான்கு மேடைகள்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா. ஆல்ஃபா மட்டும் இரும்புக் கால்கூட்டின் மேல் நின்றது. துறையில் இதை ஜாக்கெட் என்பார்கள். மற்ற மூன்றும் கான்கிரீட். ஒவ்வொன்றின் அடித்தளமும் சுமார் மூன்று லட்சம் டன். ஆணி அடித்து நிறுத்தவில்லை. தன் எடையாலேயே கடல்தரையில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் பெரிய பெரிய கான்கிரீட் அறைகள் உண்டு, மூன்றுக்கும் சேர்த்து 64. கரைக்குக் குழாய் போடுவதற்கு முன் எடுத்த எண்ணெயை எங்காவது வைக்க வேண்டுமே, அதற்கு இந்த அறைகளில் பலவும் பயன்பட்டன. அங்கிருந்து கப்பலுக்கு ஏற்றுவதற்கு 'பிரென்ட் ஸ்பார்' என்ற மிதக்கும் தொட்டி.

கட்டிய நாளில் இது அருமையான ஏற்பாடு. வட கடலின் குளிர்காலப் புயலைத் தாங்கியது. குழாய்க்குக் காத்திராமல் எண்ணெய் தந்தது. ஆனால் ஒரு நாள் இதையெல்லாம் எப்படிக் கழற்றுவது என்ற கேள்விக்கு வரைபடத்தில் இடம் தரவில்லை. இன்றைய தலைவலி முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். இதைச் செய்யாமல் விவாதத்தில் இறங்குபவர்கள் பாதியில் ஆளுக்கொரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வேலை செய்பவர் உயிர். ஆழத்தில் வெட்டுவது, தூக்குவது, இழுத்துச் செல்வது எல்லாமே ஆபத்தான வேலை. முக்குளிப்பவர் எத்தனை நாள் நீருக்குள் இருக்க வேண்டும் என்பதே பல முடிவுகளை மாற்றிவிடும்.

கடல். உள்ளே என்ன எண்ணெய், என்ன கசடு மிச்சமிருக்கிறது. கிளறினால் என்ன ஆகும், கிளறாமல் விட்டால் என்ன ஆகும். நாற்பது ஆண்டுகளில் அந்த இரும்பில் குடியேறிய உயிர்களும் இந்தக் கணக்கில் வரும்.

மீனவரும் கப்பலும். இழுவைமடி (கடலடியோடு இழுத்துச் செல்லும் வலை) போடுகிறவருக்குக் கடலடியில் கிடக்கும் எதுவும் எதிரி. 1997-இல் ஸ்காட்லாந்தின் 'வெஸ்ட்ஹேவன்' படகின் மடி கடலடிக் குழாயில் மாட்டி, படகு கவிழ்ந்து நான்கு பேரும் இறந்தார்கள். அந்தக் குழாய் பயன்பாட்டில் இருந்தது, வரைபடத்திலும் இருந்தது. அப்படியும் இது நடந்தது.

செலவு, அதைக் கொடுப்பது யார். நிறுவனம்தான் கொடுக்கிறது என்று நினைப்போம். பிரிட்டனில் கழற்றும் செலவைக் காட்டி நிறுவனங்கள் முன்பு கட்டிய வரியில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம். இதனால் அரசுக்கு ஏற்படும் மொத்தச் சுமை சுமார் 2,400 கோடி பவுண்டு என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-இல் கணக்குக் காட்டியது. அதாவது கணிசமான பங்கு பொதுமக்கள் பணம்.

பொறுப்பு எத்தனை காலத்துக்கு. நான் மற்ற நான்கையும் விட இதைக் கனமாக வைக்கிறேன். கான்கிரீட் தூண் இடிந்து விழப் பல நூறு ஆண்டுகள் ஆகும். நிறுவனம் அவ்வளவு காலம் இருக்குமா?

இவற்றுக்கு வெளியே சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. 1995-இல் பிரென்ட் ஸ்பாரை அட்லாண்டிக்கின் ஆழத்தில் மூழ்கடிக்க ஷெல் திட்டமிட்டபோது சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது, ஐரோப்பாவெங்கும் எதிர்ப்பு, ஜூனில் ஷெல் பின்வாங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1998-இல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் அமைப்பு, மேடைகளைக் கடலில் கொட்டுவதையும் அப்படியே விடுவதையும் தடைசெய்தது. விலக்கு கேட்கச் சிலவற்றுக்கு மட்டும் இடம் உண்டு. அவற்றில் முக்கியமானவை கான்கிரீட் அடித்தளங்கள், மற்றும் 1999 பிப்ரவரி 9-க்கு முன் நிறுவப்பட்டு 10,000 டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புக் கால்கூடுகளின் அடிப்பகுதி. உலக அளவில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 1989 வழிகாட்டி இதைவிடத் தளர்வானது: 75 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், 4,000 டன்னுக்குக் குறைந்த எடையில் இருப்பவற்றை முழுதாக எடுக்க வேண்டும் என்கிறது, 1998-க்குப் பிறகு நிறுவியவற்றுக்கு ஆழம் 100 மீட்டர். பாதியை விடுவதானால் மேலே 55 மீட்டர் தெளிந்த நீர் இருக்க வேண்டும்.

ஸ்பார் விவகாரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. உள்ளே 5,500 டன் எண்ணெய் இருப்பதாகக் கிரீன்பீஸ் சொன்னது தவறு. அளந்து பார்த்ததில் அதில் ஒரு சிறு பகுதிதான் இருந்தது; கிரீன்பீஸ் மன்னிப்புக் கேட்டது. உள்ளே இருப்பதை அளக்காமல் எந்த ஒப்பீடும் நிற்காது.

## எந்த வழியானாலும் முதல் வேலை: கிணற்றை அடைப்பது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், படத்தில் இது வராது. பிரம்மாண்டமான கப்பல் மேடையைத் தூக்குவது கண்ணுக்குத் தெரியும். கடலடியிலிருந்து ஆயிரக்கணக்கான மீட்டர் கீழே சிமென்ட் அடைப்பு வைப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் பிரிட்டன் கடலில் கழற்றும் செலவில் ஏறக்குறையப் பாதி கிணறு அடைப்பதற்கே போகிறது. பிரென்டில் மட்டும் 154 கிணறுகள்.

மேடையை எடுத்தாலும் விட்டாலும் கிணற்றை அடைத்தே ஆக வேண்டும். அதனால், ஒப்பீட்டில் இந்தச் செலவை எல்லா வழிக்கும் பொதுவாக ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள். 'விட்டுவிட்டால் செலவே இல்லை' என்று யாராவது சொன்னால் கிணற்றை மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

## வழி 1: முழுதாக எடுப்பது

கேட்பதற்கு நேர்மையான வழி. கொண்டுவந்து வைத்தவர் எடுத்துப் போக வேண்டும், கடல் பழையபடி இருக்க வேண்டும். மீனவர் சங்கங்கள் பெரும்பாலும் கேட்பதும் இதைத்தான். கரைக்கு வந்த இரும்பு வீணாவதும் இல்லை: 2017-இல் எடுக்கப்பட்ட பிரென்ட் டெல்டாவின் 24,200 டன் மேற்தளத்தை இங்கிலாந்தின் டீஸ்சைடில் பிரித்தபோது 97 சதவீதத்துக்கு மேல் மறுபயன்பாட்டுக்குப் போனது.

இதைச் செய்ய முடியும் என்பதற்கு மிகப் பெரிய சாட்சி மொரீன் மேடை. அதுவும் வட கடலில், தன் எடையால் உட்காரும் வகை, ஆனால் இரும்பு. கட்டும்போதே, ஒரு நாள் மிதக்க வைத்து எடுக்க வேண்டும் என்று யோசித்து வடிவமைத்தார்கள். 2001-இல் சொன்னபடி மிதக்க வைத்து நார்வேக்கு இழுத்துப் போய்ப் பிரித்தார்கள்.

பிரென்டின் கான்கிரீட்டை அப்படி எடுக்க முடியாதா? முயலலாம். ஆனால் அடித்தளத்துக்கும் கடல்தரைக்கும் நடுவே சிமென்ட் குழம்பு செலுத்தி இறுக்கியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டு பழைய கான்கிரீட் சுவரும் குழாய்களும் மறுபடி நீரழுத்தத்தைத் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது. மூன்று லட்சம் டன் பாதி வழியில் மூழ்கினால், ஒரு இடத்தில் தெரிந்து நின்ற பிரச்சினை தெரியாத இடத்தில் உடைந்து கிடக்கும்.

மறைந்த செலவுகள்: பெரிய தூக்குக் கப்பல்களின் எரிபொருள், அதன் புகை. அடியில் குவிந்திருக்கும் துளைப்புக் கசடு. பழைய காலத்தில் எண்ணெய் கலந்த சேற்றை வைத்துத் துளைத்ததால் அந்தக் குவியலில் எண்ணெய் இருக்கிறது, எடுக்கும்போது கிளறப்படும். 'முழுதாக' என்பதும் எப்போதும் முழுதாக முடிவதில்லை. கலிஃபோர்னியாவில் 1996-இல் நான்கு மேடைகளை எடுத்த பிறகு, மேடைக் கால்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் உதிர்ந்த சிப்பிகளும் துளைப்புக் கசடும் சேர்ந்த மேடுகள் கடலடியில் நின்றுவிட்டன. மடி போட வந்தவர்களுக்கு அவையே புதுத் தொல்லை.

எப்போது இது சரி: இரும்புக் கால்கூடு, ஆழம் குறைவு, சுற்றிலும் மீன்பிடி தளம். இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

## வழி 2: பாதி வெட்டி, பாதி விடுவது

பிரென்ட் ஆல்ஃபாவில் நடந்தது இது. 2020-இல் மேற்தளத்தை எடுத்துவிட்டு, கால்கூட்டை நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 84 மீட்டரில் வெட்டி மேல்பகுதியைக் கொண்டுபோனார்கள். சுமார் 10,000 டன். அடிப்பகுதி கடலடியில் இருக்கிறது. அதன் அடியில், கால்களைக் கடல்தரையோடு ஆணி அடித்து இறுக்கிய இடத்தில், இரும்பு மிகத் தடிமன். சுற்றிலும் கசடுக் குவியல். அங்கே இறங்கி வெட்டுவதில்தான் ஆபத்தும் செலவும் எகிறும்.

கப்பலுக்குத் தடை இல்லை. இழுவைமடிக்குத் தடை உண்டு. இதுதான் இந்த வழியின் சாரம். மிச்சம் எங்கே இருக்கிறது என்பதைக் கடல் வரைபடத்திலும் படகின் மின்னணுக் கருவியிலும் ஏற்றி, அதைக் காலமெல்லாம் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆழமான கடலில், கனமான பழைய கால்கூட்டுக்கு இது பொருத்தம். ஆழம் குறைந்த கடலில் 55 மீட்டர் தெளிந்த நீர் விடுவதற்கே இடம் இருக்காது.

## வழி 3: நின்றபடி விடுவது

பிரென்டில் மூன்று கான்கிரீட் மேடைகளின் கால்களுக்கும் ஷெல் முன்வைத்த வழி. முதல் முறையும் இல்லை. பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவே இருந்த ஃபிரிக் எரிவாயு வயல் 2004-இல் மூடியபோது அதன் மூன்று கான்கிரீட் அடித்தளங்கள் கடலிலேயே விடப்பட்டன.

வேலை செய்பவர் உயிர் என்ற அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண். உடனடிச் செலவும் குறைவு. நீருக்கு மேலே தூண்கள் தெரிவதால் எச்சரிக்கை விளக்கு வைத்துக் கப்பலைத் தள்ளி நிறுத்தலாம்.

சிக்கல் அந்த அறைகளில். பழைய எண்ணெய் சேமிப்பு அறைகளின் அடியில் எண்ணெய் கலந்த வண்டல் தங்கியிருக்கிறது. மேலே மிதந்த எண்ணெயை எடுக்கலாம். அடி வண்டலை எடுப்பது கடினம். தடித்த கான்கிரீட்டைத் துளைத்து டெல்டாவின் சில அறைகளில் மாதிரி எடுப்பதற்கே புதுக் கருவி செய்ய வேண்டியிருந்தது. எல்லா அறைகளிலும் சேர்த்து சுமார் 11,000 டன் எண்ணெய் மிச்சமிருக்கும் என்று சொல்லி, 2019 அக்டோபரில் கிரீன்பீஸ் ஆல்ஃபாவிலும் பிராவோவிலும் ஏறியது. ஜெர்மனி முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தது. ஆஸ்பார் நாடுகள் தனிக் கூட்டம் போட்டுப் பேசின.

ஷெல் தரப்பு வாதத்தை நியாயமாகவே சொல்ல வேண்டும்: வண்டல் தடித்த சுவருக்குள் இருக்கிறது, தூண்கள் பல நூறு ஆண்டுகளில் மெதுவாக இடியும், வண்டலும் சிறிது சிறிதாகவே வெளியேறும், எடுக்க முயன்றால் இன்றே கசியலாம். அறிவியல் நோக்கில் இதை ஒதுக்கிவிட முடியாது. எதிர்த்தரப்பு கேட்பது வேறு: 'மெதுவாகக் கசியும்' என்பதைப் பல நூறு ஆண்டுகளுக்கு யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்குப் பொறியியல் கணக்கில் விடை கிடையாது. விடை சொல்ல வேண்டியது சட்டமும் வங்கிக் கணக்கும்தான்.

என் நிலைப்பாடு: தூண்களை விடுவதை ஏற்கலாம், வண்டலைச் சேர்த்து விடுவதை அவ்வளவு சுலபமாக ஏற்கக் கூடாது. இவை இரண்டும் ஒரே தொகுப்பாக விவாதத்துக்கு வந்ததே பெரிய குழப்பம். கான்கிரீட் என்பது கல். எண்ணெய் வண்டல் கழிவு. இரண்டுக்கும் தனித்தனியாக அளவுகோலை வைத்துப் பார்த்தால் விடையும் வேறாக வரலாம்.

## வழி 4: மீனுக்கு விட்டுக்கொடுப்பது

நம் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள். பார் இருக்கும் இடத்தில் மீன் உண்டு. தமிழ்நாட்டுக் கரையில் அரசே கான்கிரீட் வடிவங்களைப் போட்டுச் செயற்கைப் பார் அமைத்திருக்கிறது. இதே யோசனையைப் பழைய எண்ணெய் மேடைகளில் பெரிய அளவில் செய்தது அமெரிக்காவின் மெக்ஸிகோ வளைகுடாப் பகுதி. லூசியானா 1986-இல் தனித் திட்டம் தொடங்கியது, டெக்சஸும் தொடர்ந்தது. இதுவரை 500-க்கும் மேற்பட்ட மேடைகள் அங்கே பாராக மாறியிருக்கின்றன.

முறை இப்படி: கிணறுகளை அடைக்க வேண்டும். மேற்தளம் கரைக்குப் போக வேண்டும். கால்கூட்டை மட்டும் படுக்க வைக்கலாம், மேல்பாதியை வெட்டிப் பக்கத்தில் கிடத்தலாம், அல்லது ஒதுக்கிய இடத்துக்கு இழுத்துப் போகலாம். எடுக்காமல் விட்டதால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் பணத்தில் பாதியை மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு பாரின் பொறுப்பு மாநிலத்துடையது.

அங்கே இது நடந்ததற்கு ஒரு காரணம், அந்த வளைகுடாவின் அடி பெரும்பாலும் சேறு. ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் குறைவு. ரெட் ஸ்னாப்பர் மீன்கள் மேடையைச் சுற்றிக் கூடின. தூண்டில்காரர்களும் அங்கே கூடினார்கள். அவர்களுக்கு மேடை போவதில் விருப்பமில்லை. கேட்டவர்கள் தூண்டில் போடுபவர்கள், இழுவைமடி போடுபவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். இதே யோசனையை வட கடலுக்குக் கொண்டுபோனால் எதிர்ப்பது மடிக்காரர்கள். 'மீனவருக்கு நல்லது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாதது இதனால்தான்.

வட கடலிலும் உயிர்கள் இல்லாமல் இல்லை. பிரென்ட் ஸ்பாரிலும் மற்ற மேடைகளிலும் லோஃபீலியா என்ற குளிர்கடல் பவளம் வளர்ந்திருப்பதை 1999-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மேடையைச் சுற்றி 500 மீட்டருக்குள் மற்ற படகுகள் வரக் கூடாது என்ற பாதுகாப்பு வளையம் இருந்ததால், அந்த வட்டம் மடி படாத சிறு காப்பிடமாக இருந்தது. மேடை போனால் வளையமும் போகும். எடுப்பது என்றாலே கடலுக்கு நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது.

மறைந்த செலவு: மீன் பெருகியதா, அல்லது சுற்றுவட்டாரத்து மீன் ஒரே இடத்தில் கூடியதால் பிடிப்பது சுலபமாகிவிட்டதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வெளியூர் உயிரினங்களுக்கும் இவை படிக்கட்டு ஆகின்றன. மெக்ஸிகோ வளைகுடாவில் ஆரஞ்சுக் கோப்பைப் பவளம் மேடை மேடையாகப் பரவியது. எல்லாவற்றுக்கும் மேல், 'பார்' என்ற அழகான பெயருக்குப் பின்னால் நிறுவனம் செலவை மிச்சப்படுத்திக்கொள்கிறதா என்று சந்தேகிக்க மக்களுக்கு உரிமை உண்டு. மிச்சத்தில் பாதியைப் பொதுவில் கொடுக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் லூசியானாவில் அந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு பதில் இருக்கிறது. அந்த விதி இல்லாத நாட்டில் இந்த வழியை நான் ஆதரிக்க மாட்டேன்.

## வழி 5: வேறு வேலைக்கு வைத்துக்கொள்வது

காலியான எண்ணெய், எரிவாயு வயல்களுக்குள் கரியமில வாயுவை அடைப்பது இன்று அதிகம் பேசப்படுகிறது. டென்மார்க்கில் 2023 மார்ச்சில் நினி வெஸ்ட் மேடை வழியாகச் சோதனையாகச் செலுத்தினார்கள். நெதர்லாந்தின் போர்தோஸ் திட்டம் ரோட்டர்டாமுக்கு அப்பால் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் பழைய வயலையும் அதன் மேடையையும் பயன்படுத்துகிறது. மலேசியாவின் சபா கரையில் பழைய ரிக் ஒன்று முக்குளிப்பவர்கள் தங்கும் விடுதியாக ஓடுகிறது.

ஆசையாக இருக்கும். ஆனால் இதற்காகக் காத்திருப்பதும் செலவுதான். ஸ்காட்லாந்தின் கோல்டன்ஐ வயலில் இப்படித்தான் திட்டம் போட்டார்கள். இத்தகைய திட்டங்களுக்குப் பணம் தருவதற்காக நடத்திய போட்டியையே 2015 நவம்பரில் அரசு ரத்து செய்தது. பிறகு அந்த மேடை கழற்றப்பட்டது. காத்திருந்த ஆண்டுகளில் துருவைப் பராமரிக்க வேண்டியிருக்கும். வயலுக்குள் துளைத்த பழைய கிணறு ஒவ்வொன்றும் கரியமில வாயு வெளியேறக் கூடிய துளை என்பதும் நினைவில் இருக்கட்டும். கரைக்கு அருகில், கிணறுகள் குறைவாக, ஆவணங்கள் சரியாக உள்ள சிறு எரிவாயு வயல் என்றால் பார்க்கலாம். பிரென்ட் மாதிரி 154 கிணறு உள்ள, கரையிலிருந்து தள்ளிய இடத்துக்கு இது ஒத்துவராது.

## ஒரே பார்வையில்

| வழி | வேலையாள் ஆபத்து | கடல் | மீனவர், கப்பல் | உடனடிச் செலவு | பொறுப்பு |
|---|---|---|---|---|---|
| முழுதாக எடுப்பது | அதிகம் | கசடு கிளறும், பின் தெளியும் | மிக நல்லது | மிக அதிகம் | விரைவில் முடியும் |
| பாதி வெட்டுவது | நடுத்தரம் | கசடு பெரும்பாலும் அப்படியே | கப்பலுக்குச் சரி, மடிக்குத் தடை | நடுத்தரம் | நீண்ட காலம் |
| நின்றபடி விடுவது | மிகக் குறைவு | உள்ளே இருப்பதைப் பொறுத்தது | தூண் தெரியும், இடம் போகும் | குறைவு | பல நூறு ஆண்டு |
| பாராக்குவது | குறைவு முதல் நடுத்தரம் | இடத்தைப் பொறுத்தது | தூண்டிலுக்கு நல்லது, மடிக்குக் கெட்டது | குறைவு | அரசுக்கு மாறும் |
| வேறு வேலை | குறைவு, ஆனால் நீடிக்கும் | கிணறுகளின் நிலையைப் பொறுத்தது | மேடை நிற்கும் | தள்ளிப்போகும் | கூடும் |

## சொல்லாமல் தேர்ந்தெடுக்கப்படும் வழி

அட்டவணையில் இல்லாத ஒன்று இருக்கிறது: தள்ளிப்போடுவது. உலகில் அதிகம் நடப்பது இதுதான். உற்பத்தி நின்ற பிறகும் 'பார்க்கலாம்' என்று ஆண்டுகள் ஓடும். அல்லது வயல் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கைமாறும்.

2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி மெக்ஸிகோ வளைகுடாவில் கடலடிச் சேற்றைச் சரிய வைத்து டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடையைச் சாய்த்தது. கிணறுகள் சேற்றில் புதைந்தன. எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. அதைப் பிடித்துச் சேகரிக்கும் அமைப்பை 2019-இல்தான் பொருத்த முடிந்தது. நிற்கும் மேடையில் இருந்துகொண்டு கிணறு அடைப்பதற்கும் சாய்ந்த மேடைக்குக் கீழே சேற்றில் தேடி அடைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அட்டவணையிலும் அடக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது பணத்தின் கதை. நார்தர்ன் எண்டெவர் என்ற மிதக்கும் உற்பத்திக் கப்பலும் அதன் வயல்களும் 2016-இல் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கைமாறின. 2020-இல் அந்த நிறுவனம் கலைக்கப்பட்டது. கழற்றும் வேலை அரசின் தலையில் விழுந்தது. அந்தச் செலவை ஈடுகட்ட, கடலில் எண்ணெய் எடுக்கும் எல்லா நிறுவனங்கள் மீதும் பீப்பாய்க்கு 48 சென்ட் வரி போட்டார்கள். பிரிட்டன் சட்டம் இங்கே கெட்டிக்காரத்தனமானது: இன்றைய உரிமையாளரால் முடியாவிட்டால் முன்பு விற்றவரையும் திரும்ப அழைத்துப் பொறுப்பேற்க வைக்கலாம்.

## சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பிரென்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: மேற்தளங்களும் ஆல்ஃபாவின் மேல்பாதியும் போனது சரி. கான்கிரீட் தூண்கள் நிற்கலாம். அறைகளின் வண்டலுக்கு, எடுக்கும் கருவிகள் வளர வளர மறுபடி மறுபடி கணக்குப் போட்டாக வேண்டும் என்ற நிபந்தனையும், நிறுவனம் இல்லாமல் போனாலும் கைவைக்க முடியாத தனி நிதியும் கேட்பேன். இவை இரண்டும் இல்லாமல் விடுவதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதிதாக வயல் திறப்பவர்களுக்கு: மொரீன் வழி. வரைபடத்திலேயே கழற்றும் முறையைப் போட்டு, அதன் செலவை முதல் பீப்பாயிலிருந்தே ஒதுக்கி வையுங்கள்.

இந்தியக் கடலைப் பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். மும்பை ஹை எண்ணெய் வயலும் பிரென்டைப் போலவே 1976-இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே நிற்பவை இரும்புக் கால்கூடுகள், ஆழமும் சுமார் 75 மீட்டர். அதாவது 1989 வழிகாட்டியின் 75 மீட்டர் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இதைவிட ஆழம் குறைந்த தப்தி வயலின் மேடைகளை எடுத்த அனுபவம் இந்தியாவுக்கு ஏற்கெனவே உண்டு. மும்பை ஹையில் கான்கிரீட் அறைச் சிக்கல் கிடையாது; 55 மீட்டர் தெளிந்த நீர் விட்டுப் பாதியை வெட்டினால் அடியில் மிஞ்சுவது இருபது மீட்டர்தான், அதற்காக ஒரு மடித் தடையைக் காலமெல்லாம் சுமக்க வேண்டுமா? என் ஓட்டு முழுதாக எடுப்பதற்கு. ஆனால் மேடைக்கு முன்னால் கிணறுகளின் ஆவணங்களைத் தேடி எடுங்கள்; எத்தனை கிணறு, எந்த ஆண்டு துளைத்தது, எந்த ஆழத்தில் சிமென்ட் போட்டது என்ற விவரங்கள் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.